பழைய கம்ப்யூட்டர்களை மாற்றும் முன்: ரிமோட் டெஸ்க்டாப் நமக்குக் கட்டுப்படியாகுமா?

சென்ற கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாலைந்து அன்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடையில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் பழசாகிவிட்டது. ஒருவர் அத்தனையையும் தூக்கிப் போடு என்கிறார். இன்னொருவர் ஒரே ஒரு சர்வர் போதும் என்கிறார். மூன்றாமவர் மாத வாடகைக்கு எடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?" இதே குழப்பத்தில் நாங்கள் ஆறு மாதம் அலைந்தோம் என்பதால், பட்டதை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு பருப்பு மண்டிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆகவே கடைக்காரருக்குக் கடைக்காரர் சொல்லும் பாஷையிலேயே எழுதுகிறோம்.

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் கடை. ஊருக்கு வெளியே கிட்டங்கி. கடையில் நான்கு, கிட்டங்கியில் இரண்டு, ஆக ஆறு கம்ப்யூட்டர்கள். எல்லாம் 2013 முதல் 2016 வரை வாங்கியவை. ஓடிக்கொண்டுதான் இருந்தன. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாமிக்கு விளக்கேற்றி, வாசல் தெளித்து வந்தாலும் திரை அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பழைய வண்டி ஓடும் வரை ஓடட்டும் என்றுதான் விட்டிருந்தோம்.

அப்படி விட முடியாமல் செய்தது ஒரு தேதி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 அன்றோடு நின்றுவிட்டன. அன்றைக்குக் கம்ப்யூட்டர் அணைந்துவிடவில்லை. ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. பணம் கட்டினால் மேலும் சில காலம் திருத்தம் கிடைக்கும். வியாபார நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரண்டு மடங்கு. மூன்றாண்டும் சேர்ந்தால் 427 டாலர். அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டரே வந்துவிடும். தாமதமாகச் சேருகிறவர் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும் என்பது இன்னொரு சங்கதி.

சரி, அதே பெட்டியில் விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸர் வேண்டும். எங்களிடம் இருந்தவை நான்காம், ஆறாம் தலைமுறை. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ரிமோட் டெஸ்க்டாப் என்பது என்ன?

கணக்குப் பேரேடு கடையில் மேசைமேல் இருக்கிறது. கிட்டங்கியில் இருப்பவர் அதில் ஒரு வரி எழுதவேண்டும். இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு தடவையும் பேரேட்டையே கிட்டங்கிக்குத் தூக்கிப் போய் எழுதிக் கொண்டுவருவது ஒன்று. பேரேடு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பக்கம் மட்டும் கிட்டங்கியில் தெரியும்படி செய்து, அங்கே தட்டுகிற எழுத்து இங்கே பதிவாகும்படி செய்வது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் ரிமோட் டெஸ்க்டாப். வேலை முழுவதும் கடைக் கம்ப்யூட்டரில் நடக்கிறது. தூரத்தில் இருப்பவருக்குத் திரையின் படம் மட்டும் போகிறது. அவர் தட்டும் எழுத்தும் நகர்த்தும் மவுசும் இங்கே வருகின்றன.

இதனால் இரண்டு நன்மை. டாலி போன்ற கணக்கு புரோகிராமை வெளியூர் இணைப்பில் ஃபோல்டர் பகிர்ந்து திறந்தால், கோப்பு முழுக்க அங்கும் இங்கும் போய்வரும், மெதுவாகும், நடுவில் இணைப்பு அறுந்தால் கணக்கே கெட்டுப்போகக்கூடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பு அறுந்தாலும் வேலை கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே நிற்கும். மறுபடி இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது நன்மை, தூரத்துக் கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினால் போதும் என்பதால் பழைய பெட்டியே தாங்கும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இந்த வழியில் ஆசை வருவது இதனால்தான்.

ஆசையோடு அவசரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2019-ல் நாங்கள் பார்த்தோம். வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறோம். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தே கணக்கைப் பார்க்கட்டும் என்று, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவர் ரவுட்டரில் 3389 என்னும் கதவு எண்ணை இணையத்தின் பக்கம் திறந்துவிட்டுப் போனார். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காத்திருக்கும் எண் அது. பாஸ்வேர்டு கடையின் பெயரோடு 123. ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் கோப்புகளின் பெயர் எல்லாம் மாறிக் கிடக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: பணம் அனுப்பினால் பூட்டைத் திறப்போம் என்று. பேக்-அப் எடுக்கும் வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தோம். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

பணம் அனுப்பவில்லை. கணக்குப்பிள்ளை தம் வசதிக்காகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அது 47 நாட்களுக்கு முந்தியது. கொள்முதல் பக்கத்தை ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்த 2ஏ விவரத்தையும் லாரி ரசீதுகளையும் வைத்து ஒருவாறு தேற்றினோம். விற்பனைக்கு பில் நகல் கட்டுகள் இருந்தன. வரவுதான் தகராறு. கையில் வாங்கிய தொகை எல்லாவற்றுக்கும் ரசீது போட்டிருக்கவில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்க் கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராய்ப் போன் செய்து, "உங்கள் நோட்டில் எங்களுக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்டோம். மொத்த வியாபாரி இப்படிக் கேட்பதைவிடக் கேவலம் வேறில்லை. பெரும்பாலோர் நோட்டையே எடுத்துக்கொண்டு நேரில் வந்தார்கள். ஒரு பெரியவர், "அண்ணாச்சி, நீங்க எழுத மறந்த ஒரு சிப்பம் துவரம்பருப்பும் இதுல இருக்கு" என்று காட்டிவிட்டுப் போனார். மூன்று பேர் வரவில்லை. அவர்கள் பாக்கியை அந்த ஆண்டே தள்ளிவிட்டோம். ஆகவே இனி நாங்கள் சொல்லும் கணக்கில் விலைக்குச் சமமாகப் பூட்டும் வரும், சலித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எண்ணவேண்டியது

எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எண்ணக்கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர், எங்கிருந்து வேலை செய்கிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு வாரம் தாளில் குறித்து வைத்தோம். பில் போடுபவர் இருவர், கணக்குப்பிள்ளை ஒருவர்; மூவரும் கடையிலேயே. கிட்டங்கியில் டெலிவரி பார்ப்பவர் ஒருவர். அவர் மட்டும்தான் பகலில் தூரத்தில் இருப்பவர். மகன் இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிலிருந்து பார்ப்பார். அப்போது கடை பூட்டியிருக்கும். ஆறு கம்ப்யூட்டர் இருந்தும் ஒரே நேரத்தில் வேலை செய்தவர் நால்வர்தான். இந்த ஒரு வாரக் குறிப்புத்தான் பின்னால் எங்களுக்குப் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்தது.

அதன்பின் விலை கேட்டோம். கீழே வருபவை எங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகள், வரி நீங்கலாக. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஒன்றுக்கொன்று எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்கவே தருகிறோம்.

ஆறும் புதிது என்றால் ஒன்று 48,000 வீதம் 2,88,000 ரூபாய். இத்தனை கொடுத்தும் கிட்டங்கிப் பிரச்சினை தீரவில்லை.

சர்வர் முறையில் ஒரே பெரிய கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் சர்வர், எல்லோரும் அதில் நுழைந்து வேலை செய்வார்கள். நல்ல முறை. ஆனால் இதில் லைசென்ஸ் மூன்று அடுக்கு என்பதைப் பலர் சொல்வதில்லை. சர்வருக்கு ஒரு லைசென்ஸ். அதனிடம் வரும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு லைசென்ஸ். அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று தலைக்கு மீண்டும் ஒன்று. ஐந்து பேருக்கு எல்லாம் சேர்ந்து 2,65,000 வரை வந்தது. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால் இதுவே மலிவு. நால்வருக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது.

இந்த முறையில் ஒரு கண்ணி உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் இல்லாமலே சர்வரை 120 நாட்கள் ஓட்ட முடியும். அது அவகாசக் காலம். லைசென்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, போடாமலே ஒருவர் பில் கொடுத்துவிட்டுப் போனாலும் நான்கு மாதம் நமக்குத் தெரியாது. அதன்பின் ஒருநாள் காலை யாரும் உள்ளே நுழைய முடியாது. அவர் போன் எடுக்கவும் மாட்டார். ஆகவே லைசென்ஸ் தாள் கைக்கு வந்து, அது ஏற்றப்பட்டதைத் திரையில் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கவும். "சர்வரில் இரண்டு பேர் இலவசம்" என்றும் சொல்வார்கள். அந்த இரண்டும் பராமரிப்பு வேலைக்காக விட்டது; பில் போட அல்ல. பழைய 2016 சர்வர் பதிப்பை மலிவாகத் தருகிறேன் என்றால், அதற்கான ஆதரவு 2027 ஜனவரி 12 வரைதான் என்பதையும் நினைவில் வைக்கவும்.

மாத வாடகை முறையில் கணக்கு முழுவதும் வெளியே ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். தலைக்கு மாதம் 900 என்றார்கள். ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 54,000; ஐந்தாண்டில் 2,70,000. முதலீடு இல்லை, மின்தடைக் கவலை இல்லை. நாலைந்து ஊரில் கிளை வைத்திருப்பவருக்கு இதுவே பொருந்தும். ஆனால் கேட்டு எழுதி வாங்கவேண்டியவை உண்டு: வாடகை நின்றால் நம் கணக்கை எத்தனை நாளில், எந்த வடிவில் திருப்பித் தருவார்கள்? தினசரி பிரதியை நாமே இறக்கி வைத்துக்கொள்ளலாமா? எங்களிடம் பேச வந்தவர் இரண்டாவது கேள்விக்குச் சுற்றி வளைத்தார். அதோடு விட்டுவிட்டோம்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். சாதாரண விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். அதை ஏமாற்றிப் பலரை உள்ளே விடும் ஒரு இலவசப் புரோகிராம் உண்டு, செலவே இல்லை என்றார்கள். லைசென்ஸ் விதிக்கு விரோதம் என்பது ஒருபுறம். ஒவ்வொரு விண்டோஸ் திருத்தத்துக்குப் பிறகும் அது படுத்துவிடும். எழுப்புவதற்குத் திருத்தத்தையே நிறுத்தி வைப்பார்கள். பழைய கம்ப்யூட்டரை மாற்றுவதே திருத்தம் வரவேண்டும் என்றுதானே?

நாங்கள் செய்தது

விண்டோஸ் ப்ரோவில் ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற அளவில் ரிமோட் டெஸ்க்டாப் வசதி உள்ளேயே இருக்கிறது. தனி லைசென்ஸ் வேண்டாம். ஹோம் பதிப்பில் அது கிடையாது. ஹோம் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். ஹோமுக்குள் யாரும் வர முடியாது. கடைக்காரர் மலிவு என்று ஹோம் பதிப்போடு கொடுத்துவிடுவார். பில்லில் ப்ரோ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

பெரிய கம்பெனிகள் சில ஆண்டு உபயோகித்து விற்கும் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து, உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, இப்போது எல்லா நகரங்களிலும் கிடைக்கிறது. பத்தாம் தலைமுறை, 16 ஜிபி நினைவகம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11 ப்ரோ. ஒன்று 23,500 வீதம் நான்கு வாங்கினோம். மூன்று, கடையில் உள்ள மூவருக்கு. நான்காவதைத் திரை இல்லாமல் கடையின் உள்ளறையில் வைத்தோம். கிட்டங்கிக்காரர் பகல் முழுவதும் தூரத்திலிருந்து அதில் வேலை செய்கிறார். மகனுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. இரவில் பில் கவுண்டர் கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது, அதற்குள் வருகிறார். பகலில் அப்படி நுழைந்தால் கவுண்டரில் உள்ளவர் திரை பூட்டிக்கொள்ளும். முதல் வாரம் ஒரு தடவை அப்படி ஆகி, பில்லுக்கு நின்றவர்கள் முன் சத்தம் வந்தது.

கிட்டங்கியில் இருந்த பழைய பெட்டி ஒன்றில் விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டோம். டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆனால் அங்கே டாலி ஓடவேண்டியதே இல்லை. படத்தைக் காட்டினால் போதும். ரெம்மினா என்ற இலவசப் புரோகிராம் அதைச் செய்கிறது. 2013-ல் வாங்கிய பெட்டி இப்போது திறந்த அரை நிமிடத்தில் தயாராகிறது. கிட்டங்கிக்காரர் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "அண்ணாச்சி, இது புதுசைவிட வேகமா இருக்கே" என்றார்.

கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் டிஸ்க் 8,000, பூட்டு வசதியுள்ள ரவுட்டர் 8,500, வெளி டிஸ்க் இரண்டு 9,000, யு.பி.எஸ்.-க்குப் புது பேட்டரி உட்பட 12,500. மொத்தம் 1,32,000. வரி 18 சதம் சேர்த்து 1,55,760. இதில் 23,760 உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிட்டது. காம்போசிஷனில் உள்ளவருக்கு அது கிடைக்காது. அவர்கள் முழுத் தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதம் உண்டு. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. உள்ளீட்டு வரி எடுத்துவிட்டு, அதே வரித் தொகைக்கும் தேய்மானம் போடக்கூடாது. மாத வாடகையானால் அந்தந்த ஆண்டுச் செலவாகவே எழுதலாம்.

டாலி விஷயத்தில் ஒரு வார்த்தை. சில்வர் லைசென்ஸ் ஒருவருக்கானது. ஒரே நேரத்தில் பலர் என்றால் கோல்ட் வேண்டும். எங்களிடம் முன்பே கோல்ட் இருந்ததால் அந்தச் செலவு மேலே வரவில்லை. சில்வர் வைத்திருப்பவர் அதையும் கூட்டிப் பார்க்கவும்.

சில்லறைத் தொல்லைகள்

பார்கோடு கருவி தொல்லை தரவில்லை. அது கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு மாதிரிதான். படிப்பதை எழுத்தாகத் தட்டிவிடுகிறது. எடை மெஷின் பழைய சீரியல் வயரில் இருந்ததால் அரை நாள் வேலை வாங்கியது. அதைவிடத் தலைவலி டாட் மாட்ரிக்ஸ் பிரிண்டர். கிட்டங்கியில் டெலிவரி சீட்டு மூன்று நகல் வேண்டும், கார்பன் தாளில். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அது கிட்டங்கிப் பிரிண்டருக்குப் போகவேண்டும். முதலில் எழுத்து பாதியில் நின்றது. பிறகு பக்கம் தள்ளியது. பிரிண்டர் டிரைவரை இரு பக்கமும் ஒன்றாக்கி, தாளின் நீளத்தைச் சரியாகக் கொடுத்த பின்தான் அடங்கியது. எந்த முறையை வாங்கினாலும் முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் பிரிண்டரில், உங்கள் தாளில், உங்கள் பில்லை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் அதைச் செருகிவிட்டு வீட்டிலிருந்து ரிமோட்டில் நுழைந்தால், பெரும்பாலும் டோக்கன் கண்ணில் தெரியாது. கையெழுத்துப் போடுகிறவர் இருக்கும் இடத்தில் டோக்கனும் இருப்பதே நல்லது.

பூட்டு

3389 கதவை இணையத்துக்கு நேரே திறக்கவே கூடாது. எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்பார்கள். திருடன் எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பதற்குப் புரோகிராம் வைத்திருக்கிறான். 2019-ல் எங்களுக்கு நேர்ந்த அதே ஆண்டு மே மாதம், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகக்கூடிய ஓட்டை ஒன்று பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிப்பட்டது. ஆகவே முதலில் வி.பி.என். என்னும் தனிப் பாதை. அதற்குள் நுழைந்தவருக்கு மட்டுமே ரிமோட் டெஸ்க்டாப் தெரியவேண்டும். எங்கள் ரவுட்டரிலேயே அது இருக்கிறது. வெளியிலிருந்து வர நிலையான ஐ.பி. எண் வேண்டியிருந்தது, இணைப்புக் கொடுப்பவரிடம் ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கினோம். அது இல்லாத பல இணைப்புகளில் வெளியிலிருந்து கதவே தெரியாது. சாதனம் எல்லாம் வாங்கிவிட்டு இதைக் கேட்காமல் விழித்தவர்கள் உண்டு.

பில் போடுகிறவருக்கு நிர்வாகி உரிமை கொடுக்கவேண்டாம். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவரின் பெயரைக் கணக்குத் தீர்க்கும் அன்றே நீக்கவும். பேக்-அப் டிஸ்க் இரண்டு. ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. எடுத்து முடிந்ததும் கழற்றி, ஒன்று எப்போதும் வீட்டில். கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க்கில் ஒரே கணக்கு எழுதப்படுவது பேக்-அப் ஆகாது. பூட்டுகிறவன் இரண்டையும் பூட்டுவான். மாதம் ஒருமுறை, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு மறுநாள், பழைய பெட்டி ஒன்றில் அந்தப் பிரதியை ஏற்றிப் பார்க்கிறோம். முதல் தடவை ஏற்றியபோது திறக்கவில்லை. தவறான ஃபோல்டரை மூன்று வாரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பண மோசடி ஏதும் நேர்ந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லவும். 2019-ல் எங்களுக்கு அப்படி ஓர் எண் இல்லை.

மீதமிருந்த பழைய பெட்டிகளில் ஒன்றைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய சாமான் எடுப்பவருக்குக் கொடுத்தோம். கொடுக்கும் முன் உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டோம். அதற்காக இருநூறு ரூபாய் குறைத்தார். பன்னிரண்டு ஆண்டுப் பற்றுவரவு, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பாக்கி, எங்கள் கொள்முதல் விலை, எல்லாம் அதில் இருந்தது. பட்டறையில் கொடுத்து நடுவில் துளை போட்டு வாங்கி, கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது.